மலையில் பிறந்த பெண் சாலை சைக்கிள் பந்தயத்துக்கு வருவது எப்படி

கோத்தகிரிப் பக்கம் ஒரு சிற்றூரில் வளர்ந்து, பத்து வருடம் பந்தயம் ஓட்டி, இப்போது வார இறுதிகளில் பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் பயிற்சி கொடுக்கிறேன். ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பெண்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, இதையே வேலையா செய்ய முடியுமா?" அவர்களுடைய அம்மாக்கள் அதையே வேறு விதமாகக் கேட்பார்கள்: "இதுல சோறு கிடைக்குமா கண்ணு?" இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். முடியும். ஆனால் மலையில் பிறந்ததால் நமக்கு என்ன கிடைத்திருக்கிறது, என்ன கிடைக்கவில்லை என்று முதல் நாளே தெரிந்துகொண்டால் மூன்று நான்கு வருடம் மிச்சமாகும். எனக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை.

முதலில், இது என்ன வேலை

தொழில்முறை வீராங்கனை என்றால் ஓர் அணியில் சம்பளத்துக்கு ஓட்டுபவர். ஐரோப்பாவில் பிப்ரவரிக் குளிரில் தொடங்கி அக்டோபர் வரை பந்தயங்கள் நடக்கும். பெரிய ஒருநாள் பந்தயங்கள் பெரும்பாலும் 120 முதல் 160 கி.மீ. வரை போகும். கட்டப் பந்தயம் என்றால் நாளுக்கு ஒரு கட்டமாக ஒரு வாரம் ஓட வேண்டும். இன்றைய பெண்கள் டூர் டி பிரான்ஸ் 2022-இல் 8 கட்டங்களோடு தொடங்கியது, 2025-இல் 9 கட்டங்கள் ஆனது. ஒவ்வொரு அணியிலும் ஆறேழு பேர் இறங்குவார்கள். அவர்களில் ஒருவர் ஜெயிக்க மற்றவர்கள் உழைப்பார்கள். அணியின் காரிலிருந்து தண்ணீர்ப் பாட்டில் வாங்கி வந்து கொடுப்பது, தலைவிக்கு முன்னால் காற்றை வாங்கிக்கொண்டு மிதிப்பது, தப்பி ஓடும் எதிரணியைத் துரத்துவது எல்லாம் அந்த வேலையில் அடக்கம். இவர்களுக்கு டொமெஸ்டிக் என்று பெயர். புதிதாக ஒப்பந்தம் கிடைக்கும் பெண்ணுக்குப் பெரும்பாலும் இந்த வேலைதான் கிடைக்கும், அதில் குறைவு ஒன்றும் இல்லை.

பாதை இன்னும் புதிது. பெண்களுக்கான உலக சாலைப் பந்தயம் 1958-இல்தான் வந்தது, ஒலிம்பிக்கில் 1984-இல்தான் சேர்த்தார்கள். மேல்மட்ட அணிகளில் குறைந்தபட்சச் சம்பளம் என்ற விதி 2020-இல்தான் பிறந்தது. அப்போது ஆண்டுக்கு 15,000 யூரோ, 2023-இல் 32,102 யூரோ. அதே விதியில் பேறுகால விடுப்பும் உண்டு: மூன்று மாதம் முழுச் சம்பளம், ஐந்து மாதம் பாதிச் சம்பளம். கீழ்நிலையான கான்டினென்டல் அணிகளில் குறைந்தபட்சம் என்று ஒன்றுமே கிடையாது. சைக்கிளும் சீருடையும் பயணச் செலவும் மட்டும் தரும் அணிகள் நிறைய உண்டு. அம்மாக்களிடம் நான் இதை மறைப்பதில்லை.

வீட்டில் இருக்கிற சைக்கிளே போதும்

முதல் ஆறு மாதத்துக்குக் காசு எதுவும் செலவு செய்யாதீர்கள். பதினோராம் வகுப்பில் அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டியிலேயே தொடங்கலாம். அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் நடக்கும் பள்ளி மிதிவண்டிப் போட்டியில் அப்படிப்பட்ட சாதாரண சைக்கிளைத்தான் அனுமதிப்பார்கள். இந்தியாவில் செய்ததாக, கியர் இல்லாததாக இருக்க வேண்டும். மாணவியருக்கு 13 வயதுக்குள் 10 கி.மீ., அதற்கு மேல் 15 கி.மீ. என்பது வழக்கம். உடற்கல்வி ஆசிரியரிடம் ஆகஸ்டிலேயே சொல்லி வையுங்கள். அந்தப் போட்டியில் இடம் பிடிப்பது முக்கியமில்லை. தொடக்கக் கோட்டில் நாற்பது சைக்கிள் முட்டி மோதும்போது வயிற்றைப் பிசைகிறதா, அல்லது இன்னொரு தடவை இப்படி நிற்க வேண்டும் என்று தோன்றுகிறதா? அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு பந்தய சைக்கிள். பெரும்பாலும் கோயம்புத்தூரில்தான் வாங்க வேண்டியிருக்கும். பழைய சைக்கிளாக இருந்தால் தப்பில்லை, ஆனால் அளவு சரியாக இருக்க வேண்டும். "அண்ணன் சைக்கிள், கொஞ்சம் பெரிசு, பழகிக்கும்" என்று கொண்டுவந்து நிறுத்துவார்கள். பழகாது, முதுகும் முழங்காலும்தான் போகும். நம் மலைக்குச் சிறிய கியர் வேண்டும்: முன்னால் 34 பல், பின்னால் 32 அல்லது 34 பல். கடைக்காரர் பெரிய கியரைக் காட்டி "இதுதான் ரேஸ் கியர்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நிமிடத்துக்கு 85-லிருந்து 95 சுற்று மிதிக்கப் பழக வேண்டிய வயதில் கனமான கியரை அழுத்தினால் முட்டி பேசத் தொடங்கிவிடும்.

மிச்சமிருக்கும் காசைச் சீட்டிலும் தோள்பட்டியும் பேடும் வைத்த பிப் ஷார்ட்ஸிலும் போடுங்கள். பெண்களுக்கு இடுப்பெலும்பின் அகலத்துக்குத் தக்கபடி சீட் வேண்டும். அந்த ஷார்ட்ஸுக்கு உள்ளே வேறு உள்ளாடை போடக் கூடாது. தையல் உரசிப் புண்ணாகும். ஓட்டி முடித்து வீட்டுக்கு வந்த உடனே கழற்றிக் குளித்துவிட வேண்டும். இதை யாரும் சொல்லாததால் புண்ணோடு ஒரு மாதம் வெட்கப்பட்டு மறைத்துக்கொண்டு ஓட்டினேன் நான். நீங்கள் மறைக்காதீர்கள்.

ஏறுவதற்கு முன்னால் இறங்கக் கற்றுக்கொள்ளுங்கள்

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், கோத்தகிரி சுமார் 1,790 மீட்டர். நடுவே 33 கி.மீ. சாலை. ஏறும்போது உடம்புதான் சிரமப்படும், இறங்கும்போது தப்பு செய்தால் உயிருக்கே ஆபத்து.

வளைவுக்குள் போன பிறகு பிரேக் பிடிக்காதீர்கள். வளைவுக்கு முன்பே நிமிர்ந்த சக்கரத்தில் வேகத்தைக் குறைத்துவிட்டு, பிரேக்கை விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். இடப்பக்கம் திரும்பினால் வலக்கால் பெடல் கீழே, உடம்பின் எடை அதன்மேல். கண் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் குழியைப் பார்க்கக் கூடாது, வளைவு முடிகிற இடத்தைப் பார்க்க வேண்டும். கண் போகிற பக்கம்தான் சைக்கிள் போகும். கைகள் வளைந்த ஹேண்டிலின் கீழ்ப்பிடியில் இருக்கட்டும், அங்கிருந்துதான் பிரேக்கை முழு பலத்தோடு பிடிக்க முடியும். சக்கர வளையத்தைப் பிடிக்கும் ரிம் பிரேக் சைக்கிள் என்றால் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வராதீர்கள். ரிம் கொதித்து டியூப் வெடித்ததை நானே பார்த்திருக்கிறேன். அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு வாருங்கள்.

கொண்டை ஊசி வளைவில் பஸ் வந்தால் அதன் உள்பக்கத்தில் நுழையவே கூடாது. பஸ்ஸின் பின்பாகம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும், டிரைவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். ஏறி வரும் வண்டிக்கு எப்போதும் வழி விடுங்கள். சில்வர் ஓக் சருகு விழுந்து நனைந்த சாலை சோப்புத் தண்ணீர் மாதிரி வழுக்கும். என் இடது முழங்கையில் இருக்கும் தழும்பு அப்படி ஓர் அக்டோபர் காலையில் வந்ததுதான். வளைவின் நடுவே பயந்து முன் பிரேக்கைத் தொட்டேன், அவ்வளவுதான்.

காலை ஆறரைக்கு முன் கிளம்ப வேண்டாம். தேயிலைத் தோட்ட ஓரங்களில் கரடியும் காட்டெருமையும் வீடு திரும்பும் நேரம் அது. கல்லாறு, பர்லியார் பக்கம் யானை. காட்டெருமை சாலையில் நின்றால் மணி அடிக்காதீர்கள். தூரத்திலேயே நின்று, பின்னால் வரும் ஜீப்போ பஸ்ஸோ போகும் வரை காத்திருங்கள். ஏப்ரல், மே சீசனில் வண்டிகள் குன்னூர் வழியே ஏறி, கோத்தகிரி வழியே இறங்கும்படி ஒருவழியாக்குவார்கள். அந்த வாரங்களில் எங்கள் சாலையில் ஏறுவது நல்லதல்ல. உதகைக்கும் மசினகுடிக்கும் நடுவே உள்ள கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி எல்லோரும் பெருமையாகப் பேசுவார்கள். இரண்டு வருடம் ஓட்டிய பிறகு, கூட ஆள் இருந்தால், ஏறுவதற்கு மட்டும் அங்கே போங்கள்.

இன்னொன்று. மேலே பன்னிரண்டு டிகிரி என்றால் இறங்கும்போது காற்றில் அது இன்னும் குளிரும், விரல் மரத்து பிரேக் பிடிக்காது. டீக்கடையில் பழைய தினசரி ஒன்று கேட்டு வாங்கி, இரண்டாக மடித்து, ஜெர்சிக்குள் நெஞ்சை மூடும்படி செருகிக்கொள்ளுங்கள். பெரிய பெரிய வீராங்கனைகள் ஆல்ப்ஸ் மலையில் செய்ததும் இதே வித்தைதான். கீழே போய்ச் சேர்ந்ததும் எடுத்து மடித்து வைத்தால் அடுத்த வாரத்துக்கும் ஆகும்.

மலை கொடுக்காத பாடம்

நான் மிக அழுத்திச் சொல்ல வந்தது இதைத்தான். மாநிலப் போட்டிக்கு முதல்முறை போனபோது, பத்து கி.மீ. ஏற்றத்தில் என்னை யாரும் தொட முடியாது என்ற தைரியத்தில் போனேன். பந்தயம் சென்னைக்கு அருகே கிழக்குக் கடற்கரைச் சாலையில். அங்கே ஏற்றமே இல்லை. கடலிலிருந்து பக்கவாட்டில் காற்று. பன்னிரண்டாவது கிலோமீட்டரில் முன்னால் இருந்தவர்கள் சாலைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு வரிசை போட்டார்கள். எனக்கு அது என்னவென்றே தெரியவில்லை. ஓரத்தில் தனியாகக் காற்றை வாங்கிக்கொண்டு ஓட்டினேன். ஐந்து நிமிடத்தில் கூட்டம் என்னை விட்டுப் போய்விட்டது. என்னைவிடப் பலம் குறைந்த பெண்கள் எல்லாம் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

அந்தச் சாய்வு வரிசைக்கு எஷலான் என்று பெயர். முன்னால் போகிறவரின் நிழலில், அதாவது அவர் காற்றை மறைக்கும் இடத்தில், ஓட்டினால் மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகும். காற்று நேராக வந்தால் நிழல் நேர் பின்னால் இருக்கும். காற்று பக்கத்திலிருந்து வந்தால் நிழலும் பக்கவாட்டில் சாயும். சாலையின் அகலம் எத்தனை பேருக்குப் போதுமோ அத்தனை பேருக்குத்தான் அந்த வரிசையில் இடம். மீதிப் பேருக்கு நிழல் கிடையாது.

2024 பெண்கள் டூர் டி பிரான்ஸ் இதற்கு நல்ல சாட்சி. கடைசி நாள் அல்ப் துவேஸ் மலை உச்சியில் முதலில் வந்தவர் டெமி வோலரிங். மொத்தப் பந்தயத்தை வென்றவர் காசியா நிவியாதோமா, வெறும் 4 வினாடி வித்தியாசத்தில். ஐந்தாம் கட்டத்தின் முடிவுக்குச் சில கிலோமீட்டர் முன்பு கூட்டத்தில் விழுந்து வோலரிங் நேரத்தை இழந்திருந்தார். உலகின் சிறந்த மலையேறியையே கூட்டத்தில் நடந்த ஒரு விபத்து தோற்கடித்தது என்றால், நாம் மலையில் மட்டும் பழகி என்ன பயன்?

அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பள்ளி மைதானத்தின் புல்தரையில் இரண்டு பேர் அருகருகே மெதுவாக ஓட்ட வேண்டும்: முதலில் முழங்கையால் உரச, பிறகு தோளோடு தோள் சாய, பிறகு ஒருவர் கையை ஒருவர் பிடிக்க, கடைசியில் முன்சக்கரத்தால் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை லேசாகத் தொட்டு மீள. விழுந்தால் புல்லில்தானே. இரண்டு மாதம் கழித்து, மாதம் இரண்டு முறை மேட்டுப்பாளையம் இறங்கி அன்னூர் சாலையில் எட்டுப் பேர் வரிசை. முன்சக்கரத்துக்கும் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கும் முதலில் ஒரு சக்கர நீளம் இடைவெளி, போகப்போக அரைச் சக்கரம். குழி வந்தால் கையால் காட்ட வேண்டும், சத்தம் போட வேண்டும். முன்னால் முப்பது வினாடி இழுத்துவிட்டு விலகிப் பின்னால் போக வேண்டும். விலகும்போது வேகத்தைக் கூட்டுகிற பிள்ளையை நான் விடமாட்டேன், அது வரிசையை உடைக்கும்.

ஒரு வாரம் எப்படிப் போகும்

தொடக்கத்தில் வாரத்துக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் போதும். பதினேழு, பதினெட்டு வயதில் பத்து, பன்னிரண்டு. தொழில்முறையினர் இருபது மணி நேரத்தைத் தாண்டுவார்கள். பெரும்பகுதி நேரம், பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் போக வேண்டும். வாரம் இரண்டு நாள் மட்டும் கடினமான பயிற்சி. நீலகிரியில் இது பெரிய சோதனை, ஏனென்றால் வீட்டு வாசலைத் தாண்டினாலே ஏற்றம், எல்லா நாளும் கடின நாளாகிவிடும். சிறிய கியருக்கு வந்து, வெட்கப்படாமல் மெதுவாக ஏறுங்கள்.

உயரத்தால் ஒரு நன்மையும் உண்டு. 2,240 மீட்டரில் இருக்கும் உதகையில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடலோரத்தைவிட ஏறத்தாழ கால்வாசி குறைவு. உடம்பு ரத்தத்தில் சிவப்பணுக்களைக் கூட்டி அதை ஈடுகட்டப் பார்க்கும். ஆனால் அதே காரணத்தால் அங்கே முழு வேகத்தில் மிதிக்க முடியாது. மேலே தூங்கி, கீழே கடினப் பயிற்சி செய்வதற்கு வெளிநாட்டு அணிகள் பெரும் செலவு செய்து முகாம் போடுகின்றன. நமக்கு மேட்டுப்பாளையம் ஒரு மணி நேரத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் மண் சரிந்து சாலை மூடினால் சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் டிரெய்னரில் வீட்டுக்குள் ஓட்டலாம்.

சாப்பாடு, ரத்தம், டீ

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் வரை இருக்கும். கடலைமிட்டாய், பேரீச்சை, எலுமிச்சையும் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் எல்லாம் போதும். விலை உயர்ந்த ஜெல் பாக்கெட் பந்தய நாளுக்கு மட்டும். வீட்டில் ராகிக் களியும் அவரைக் குழம்பும் கீரையும் முட்டையும் இருந்தால் பந்தயம் ஓட்டும் பெண்ணுக்கு நல்ல சாப்பாடுதான்.

ஆனால் நம் ஊரில் ஒரு சிக்கல்: டீ. சாப்பாட்டோடு குடிக்கும் டீ, உணவில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாமல் தடுக்கும். மாதவிடாயில் ரத்தம் போகிற பெண், அதற்கு மேல் இத்தனை கிலோமீட்டர் மிதிக்கிற பெண், இரும்பு குறைந்தால் ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடுவாள். சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை ஹீமோகுளோபினோடு, உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். மாதவிடாய் மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லை என்றால் "தொல்லை விட்டது" என்று இருந்துவிடாதீர்கள். பெரும்பாலும் சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்கிறது, எலும்பு பலவீனமாகும். எடையைக் குறைத்தால் மலையில் வேகம் வரும் என்று பதினைந்து வயதுப் பிள்ளையிடம் சொல்லும் பயிற்சியாளரை விட்டு விலகி வந்துவிடுங்கள்.

இதோடு மருந்து. குளிரில் இருமல் வருவது நமக்குச் சாதாரணம், கடையில் கேட்டு வாங்கும் சிரப் சிலவற்றில் டெர்பியூட்டலின் இருக்கும். அது ஊக்கமருந்துப் பட்டியலில் எப்போதும் தடை செய்யப்பட்ட பொருள். தெரியாமல் குடித்தேன் என்றாலும் தடை தடைதான். மாநில அளவுக்கு வந்துவிட்டால் எந்த மருந்தையும் லேபிளைப் படிக்காமல், டாக்டரிடம் "நான் போட்டியில் ஓட்டுகிறேன்" என்று சொல்லாமல் வாங்காதீர்கள். ஜிம்மில் டப்பா டப்பாவாக விற்கும் பொடிகளுக்கும் இதே விதி.

போட்டிகளின் படிகள்

மாவட்டத் தேர்வு, மாநிலப் போட்டி, தேசியச் சாம்பியன்ஷிப் என்று படிகள். அதற்கு மாநிலச் சங்கம் வழியாக இந்திய சைக்கிளிங் சம்மேளனத்தின் உரிமம் எடுக்க வேண்டும். வயதைப் பிறந்த ஆண்டை வைத்துக் கணக்கிடுவார்கள். 17, 18 வயது நிறையும் இரண்டு ஆண்டுகள் ஜூனியர். தனியாக நேரத்தோடு போட்டி போடும் டைம் டிரையலை முதலில் எடுங்கள் என்பது என் யோசனை. கூட்ட அனுபவம் குறைந்த மலைப்பிள்ளைக்கு முதல் பதக்கம் அங்கேதான் வர வாய்ப்பு. அந்தப் பதக்கத்தைக் காட்டிப் பயிற்சி முகாமுக்குள் நுழையலாம், கூட்டத்தில் ஓட்டுவதை அங்கே தேற்றலாம்.

வயதாகிவிட்டது என்று இருபது வயதுப் பெண் சொன்னால் எனக்குக் கோபம் வரும். 2024 பாரிஸ் ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தில் தங்கம் வென்ற அமெரிக்காவின் கிறிஸ்டன் ஃபாக்னர் துடுப்புப் படகு ஓட்டியவர். சைக்கிளுக்கு வந்தது 2017-இல், இருபதுகளின் நடுவில். டோக்கியோவில் தங்கம் வென்ற ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர் அப்போது எந்தத் தொழில்முறை அணியிலும் இல்லாத கணித ஆய்வாளர்.

ஐரோப்பாவுக்குப் போவது

தேசிய அளவில் முதல் சில இடங்களில் வந்த பிறகே இதை யோசியுங்கள். பெல்ஜியத்தில் கோடை முழுவதும் ஊர்த் திருவிழாவையொட்டி கெர்மெஸ் என்ற சுற்றுப் பந்தயங்கள் நடக்கும். ஒரு கோடையில் இருபது பந்தயம் ஓட்டினால் இங்கே ஐந்து வருடத்தில் கிடைக்காத கூட்ட அனுபவம் வரும். குறுகிய கால விசாவில் 180 நாளுக்குள் 90 நாள்தான் தங்க முடியும் என்பதால், பந்தய நாட்காட்டியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். சுவிட்சர்லாந்தின் ஏய்கல் நகரில் சர்வதேச சைக்கிள் சங்கத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. சைக்கிள் வளராத நாடுகளிலிருந்து ஆட்களை எடுப்பார்கள், சம்மேளனம் பரிந்துரைக்க வேண்டும். ஆப்கானிஸ்தானின் ஃபரீபா, யுல்தூஸ் ஹாஷிமி சகோதரிகள் முதலில் ஓட்டியது இரவல் சைக்கிளில். நாட்டை விட்டு வெளியேறி, பிறகு ஐரோப்பிய அணியில் ஓட்டி, பாரிஸ் ஒலிம்பிக்கிலும் இறங்கினார்கள். மொரீஷியஸ் என்ற சின்னத் தீவின் கிம் லெ கூர் 2025-இல் லியேஜ்–பாஸ்டோன்–லியேஜ் பந்தயத்தை வென்றார். அந்தப் பெயர்களை எங்கள் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

அணி ஒன்று ஒப்பந்தம் அனுப்பினால் மகிழ்ச்சியில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். சர்வதேசச் சங்கத்தின் அந்த ஆண்டுப் பதிவுப் பட்டியலில் அணியின் பெயர் இருக்கிறதா? சம்பளம் எந்தத் தேதியில் வரும்? விபத்துக் காப்பீடு யார் பொறுப்பு? தங்குமிடம், விமானக் கட்டணம் யாருடையது? விழுந்து ஆறு மாதம் ஓட்ட முடியாவிட்டால் சம்பளம் உண்டா? ஐந்துக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். வீட்டுக்கு வந்து அப்பா அம்மாவோடு உட்கார்ந்து படியுங்கள்.

அம்மாவின் கேள்விக்கு

ஐரோப்பா எல்லோருக்கும் கிடைக்காது. ஆனால் ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டில் சைக்கிள் வீரர்களை எடுக்கிறது, தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் உண்டு. அதற்கு அங்கீகாரம் பெற்ற சங்கம் நடத்திய போட்டியின் சான்றிதழ்தான் செல்லும். பெயர் பெரிதாக இருக்கும் எல்லாப் போட்டிக்கும் அந்த மதிப்பு கிடையாது, பணம் கட்டுவதற்கு முன் விசாரியுங்கள். பிளஸ் டூவையும் டிகிரியையும் விட்டுவிடாதீர்கள், ஒதுக்கீட்டிலும் கல்வித் தகுதியைக் கேட்பார்கள்.

அப்புறம், அந்தச் சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள். எங்கள் ஊர் ஈரத்தில் பீரோவுக்குள் இருக்கும் காகிதமும் இரண்டே மழைக்காலத்தில் பூசணம் பூக்கும். அதற்குப் பயந்து லேமினேட் செய்துவிட்டால் பிற்பாடு அசலில் முத்திரை வைக்க மறுக்கும் அலுவலகங்கள் உண்டு. என்னிடம் பழகும் ஒரு பிள்ளையின் அம்மா தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். அவர் ஒவ்வொரு சான்றிதழையும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அடுப்படிச் சுவரில் ஈரம் ஏறாத உயரத்தில் ஆணியடித்து, ஒரு துணிப்பையில் மாட்டி வைத்திருக்கிறார். வாரம் ஒரு முறை எடுத்துத் துடைத்து, வெயில் வந்தால் சற்று நேரம் திண்ணையில் பரப்பி, திரும்ப உள்ளே வைப்பார்.